வயலும் மாடும் ஒரே கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். விவசாயக் குடும்பத்தின் வருமானம் என்று பேச்செடுத்தாலே, ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது, மூட்டை என்ன விலை போனது என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வி பாதிக் கதையைக்கூடச் சொல்லாது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-19 ஆண்டுக்கு எடுத்த கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமுமாக வந்தது 4,063. பயிரில் வந்தது 3,798. கால்நடையில் 1,582. மிச்சம் விவசாயம் அல்லாத தொழிலும் குத்தகைப் பணமும். 2012-13 கணக்கில் பயிர்தான் முன்னால் நின்றது: பயிர் 3,081, கூலி 2,071. ஆறே வருடத்தில் கூலி ஏறக்குறைய இரட்டிப்பானது. பயிரில் கூடியது வெறும் 717 ரூபாய். விலைவாசி அதைவிட வேகமாக ஏறிவிட்டது.

அப்புறம் நிலம். நாட்டில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் வைத்துச் சாகுபடி செய்யும் மொத்த நிலத்தின், சராசரி அளவு 1970-71 இல் 2.28 ஹெக்டேர், 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 1.08. தமிழ்நாட்டில் 0.75 தான், இரண்டு ஏக்கர்கூட இல்லை. இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் திருப்பூருக்கோ கட்டட வேலைக்கோ போனால், அவரைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த 1,582 ரூபாயைப் பற்றி. கையிலிருந்து காசாகப் போன செலவை மட்டும் கழித்தால் வருகிற தொகை அது. வீட்டிலேயே இருந்த தீவனம், சொந்த விதை, எரு போன்றவற்றுக்கும் விலை போட்டு அதே ஆய்வு இன்னொரு கணக்குத் தருகிறது. அதில் கால்நடை வருமானம் 441 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது! மொத்த வருமானம் 8,337 ஆகிறது. பால் காசு என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வயலும் வரப்பும் கொடுத்த காசு. வைக்கோல், சோளத்தட்டை, கடலைக்கொடி, வரப்பில் அறுத்த புல் எல்லாம் பால் சொசைட்டி வழியாகப் பணமாகத் திரும்புகின்றன. அந்தப் புல்லை அறுத்துக் கட்டித் தலையில் சுமந்து வருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்புக்கு யார் விலை போட்டார்கள்?

அதனால்தான் நிலத்தை என்ன செய்வது என்ற முடிவைப் பயிர் லாபத்தை மட்டும் வைத்து எடுக்கக்கூடாது என்கிறேன். சோளம் போட்ட புன்செயில் சவுக்கு வைத்தால் ஆள் தேவை குறையும், வெட்டும்போது மொத்தமாகப் பணம் வரும். சரிதான். ஆனால் சவுக்கை மாடு தின்னாது. தட்டையை விலைக்கு வாங்க ஆரம்பித்த வீட்டில் கொஞ்ச நாளில் மாடும் விற்பனைக்குப் போகும். மாடு போனால் வாராவாரம் கையில் புழங்கிய பணம் நிற்கும், எருவும் நிற்கும். நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் இதே நிலைதான். கொஞ்சம் புல் முளைக்கும், அதுவும் வேலிக்கருவை ஏறும் வரைக்கும்தான்.

சொந்தக்காரரால் உழ முடியவில்லை என்றால் குத்தகைக்கு விடலாமே என்பீர்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று அவருக்குப் பயம். குத்தகைப் பதிவுக்கென்று 1969 ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டில் இருக்கிறது. இருந்தும் வாய்வார்த்தைக் குத்தகை ஓயவில்லை. உழுகிறவர் பெயர் பதிவில் இல்லை. அதனால் பயிர்க்கடன் வாங்கவும் நிவாரணம் பெறவும் அல்லாடுகிறார். பிரதமர் கிசான் திட்டத்தில் வருடம் 6,000 ரூபாய் போவதும் நிலம் பெயரில் உள்ளவருக்கே.

இந்த மேடையில் உள்ள அதிகாரிகளிடம் இரண்டு கேட்கிறேன். அடங்கல் என்கிற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் உண்மையில் உழுகிறவர் பெயரை ஏற்றுங்கள். அது உரிமையாளரின் பட்டாவைத் தொடாது என்பதைக் கிராமசபையிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அடுத்த முறை பயிர்க் கணக்கு எடுக்க வரும்போது, இந்த வயலிலிருந்து மாட்டுக்கு என்ன போகிறது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.