பாலுக்கு மணி பார்க்க வேண்டுமா?

வணக்கம். பிறந்த குழந்தைக்கு எப்போது பால் கொடுப்பது என்பதில் இப்போது பெரும்பாலும் யாருக்கும் ஐயம் இல்லை. கேட்கும்போதெல்லாம் கொடுங்கள் என்று பிரசவ வார்டிலேயே செவிலியர்கள் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஐயம் எழுவது அதற்குப் பிறகுதான். ஆறு மாதம் முடிந்து, குழந்தை உட்காரத் தொடங்கி, பருப்புச் சோற்றை ருசி பார்த்த நாளிலிருந்து, "இனிமேலாவது மணி பார்த்துக் கொடு, இல்லாவிட்டால் உன்னை விட்டு இறங்கவே இறங்காது" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கத் தொடங்கும். அந்த ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான காலத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

நான் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஒன்பது மாதம் முடிந்த பெண் குழந்தைக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டுக்கொள்ள வந்த ஓர் இளம் தாய் என் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழந்தை முதலில் தன் விரல்களைச் சப்பியது; பிறகு தாயின் மார்புப் பக்கம் முகத்தைத் திருப்பி முட்டியது; அதற்கும் பலன் இல்லாமல் போகவே துப்பட்டாவின் நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. தாயோ கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "பதினோரு மணிக்குத்தான் அலாரம் அடிக்கும், இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, டாக்டர்" என்றார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அலாரம் அடிப்பதற்குள் குழந்தை அழுது, அழுத களைப்பிலேயே தூங்கிவிட்டது. பதினோரு மணிக்கு எழுப்பிக் கொடுத்தபோது இரண்டு நிமிடம் சப்பிவிட்டு மறுபடியும் தூங்கியது. குழந்தை சரியாகப் பால் குடிப்பதில்லை என்பதுதான் அந்தத் தாய் என்னிடம் சொல்ல வந்த குறை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நாம் சொல்வது உலக வழக்குக்குச் சரிதான். பாலூட்டும் விஷயத்திலோ, அழுகை பசியின் கடைசி அறிகுறி. அழத் தொடங்கிய குழந்தையை முதலில் அமர்த்தினால்தான் அது மார்பைச் சரியாகக் கவ்விக் குடிக்கும். ஒன்பது மாதக் குழந்தை அதற்கு முன்பே பலமுறை கேட்டுவிடுகிறது: தவழ்ந்து வந்து முழங்காலைப் பற்றுகிறது, சட்டையை இழுக்கிறது, தனக்கென்று ஒரு சத்தம் வைத்திருக்கிறது.

இந்த நான்கு மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நியூசிலாந்தில் போய் நிற்கும். 1907ஆம் ஆண்டு அங்கே பிளங்கெட் சங்கம் என்னும் தாய் சேய் நல அமைப்பைத் தொடங்கிய ட்ரூபி கிங் என்ற மருத்துவர்தான் இதை ஆங்கிலம் பேசும் நாடுகளில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர். அவர் மனநல மருத்துவமனை ஒன்றின் தலைவராக இருந்தவர். அதன் பண்ணையில் கன்றுகளை வளர்த்துப் பார்த்த அனுபவத்திலிருந்து குழந்தை உணவுக்கு வந்தவர். தாய்ப்பாலை அவர் வலியுறுத்தினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவில் கிடையாது என்ற விதிக்குப் பின்னால் இருந்தது, ஒழுக்கம் தொட்டிலிலேயே தொடங்க வேண்டும் என்ற அக்கால நம்பிக்கை.

தாயின் உடல் அப்படி வேலை செய்வதில்லை. இறைத்த கிணறு ஊறும் என்பார்களே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு மட்டுப்படுகிறது; குழந்தை குடித்துக் காலியாக்கினால் வேகம் பிடிக்கிறது. மார்பில் எவ்வளவு பால் தங்கும் என்பதும் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். 2006இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளை ஒவ்வொரு முறை குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு 6 முறை குடித்த குழந்தையும் இருந்தது, 18 முறை குடித்த குழந்தையும் இருந்தது. அவர்கள் எல்லாருக்கும் ஒரே அலாரத்தை வைத்தால், இருப்பு குறைவாக உள்ள தாய்க்குப் பால் வற்றத் தொடங்கும். அவரும் தமக்குப் பால் போதவில்லை என்று முடிவு கட்டிப் புட்டிக்குப் போய்விடுவார்.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நான் இப்போது அதிகமாகப் பார்க்கிறேன். பதினாறு மாதப் பையன். பகல் முழுவதும் அரை மணிக்கு ஒரு முறை மார்பைத் தேடுவான். தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். சோதித்தபோது ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கருவிலிருந்தே சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளுக்குச் சுமார் 200 கலோரி மற்ற உணவிலிருந்து வர வேண்டும். ஒரு வயதைத் தாண்டினால் அது 550 ஆகிவிடுகிறது. வயிறு சிறியது. அதைப் பாலால் நிரப்பிவிட்டால் முட்டைக்கும் கீரைக்கும் மீனுக்கும் இடம் இருக்காது.

ஆகவே நான் தாய்மார்களிடம் சொல்வது, சோற்றுக்கு மணி வையுங்கள், பாலுக்குக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள் என்பதுதான். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, அதன் பிறகு மூன்று நான்கு வேளை உணவு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத கெட்டியில் இருக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்த கஞ்சியை நான் உணவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு வயதுக்குள் பால் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் குழந்தைக்குப் பேச்சுக் கொடுத்தோ அதை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போயோ பாலைத் தள்ளிப்போடுங்கள். அந்த வயதில் அது சற்றுப் பொறுக்கும். ஏழு மாதத்தில் பொறுக்காது. அந்தப் புதன்கிழமைத் தாயிடமும் அலாரத்தை அழிக்கச் சொல்லவில்லை, பருப்புச் சோற்றுக்கு மாற்றி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வேலைக்குப் போகும் தாய்க்கு இந்த விவாதமே சற்று வசதியானவர்களின் விவாதமாகப் படலாம். அவருடைய கால அட்டவணையை ஷிப்டும் பேருந்தும் எழுதுகின்றன. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை வேலைக்கு நடுவே பாலூட்ட இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவு. கையால் பீய்ச்சி எடுத்த பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை வைக்கலாம். வீடு திரும்பியதும் கேட்கிறபடி கொடுங்கள். பகலில் விட்டதைக் குழந்தை இரவில் எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே களைத்திருக்கும் தாய்க்கு அது கடினம்தான். அதற்காகக் காலைச் சமையலை வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளலாம், பாலைத்தான் வேறு யாரும் கொடுக்க முடியாது.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்த நாட்களில் நான் மேலே சொன்ன சோற்று மணியையும் மறந்துவிடுங்கள். அப்போது குழந்தை சோற்றை ஒதுக்கும், மார்பை ஒதுக்காது. உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, எத்தனை முறை கேட்டாலும் பாலைக் கொடுங்கள். உடம்பு தேறியதும் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை உணவைக் கூட்டிக் கொடுத்தால் இழந்த எடை திரும்பிவிடும். வணக்கம்.