ஒலிக்கும் அணிகள்: எகிப்திய பெல்லி நடனத்தின் நகைகளும் கைப்பொருள்களும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பெல்லி நடனம் என்றதும் நம் கண்முன் வருபவை நகைகள்தாம். ஆனால், கெய்ரோவில் வளர்ந்த ரக்ஸ் ஷர்கி என்னும் எகிப்திய ஆட்டத்தில் அவை வெறும் அழகுக்காக அணியப்படுவதில்லை; ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தில் ஒரு வேலை உண்டு என்பதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஊர் ஊராகச் சென்று ஆடிய கவாஸிப் பெண்கள், தாங்கள் ஈட்டியதைக் காசுகளாகக் கோத்துத் தலையிலும் கழுத்திலும் அணிந்தார்கள். 1834-இல் எகிப்தை ஆண்ட முகமது அலி பாஷாவின் ஆணையால் கெய்ரோவை விட்டு எஸ்னா, கெனா, அஸ்வான் முதலிய தென்னெகிப்திய ஊர்களுக்கு அனுப்பப்பட்ட அப்பெண்களுக்கு, கழுத்தில் கிடந்ததே கையிருப்பு. அசையும்தோறும் கலகலத்த அந்தக் காசுகளின் இடத்தை இன்று இடுப்புத் துணியில் தைக்கப்படும் போலிக் காசுகள் பிடித்திருக்கின்றன. ஒலி மட்டும் நிலைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சகாத். நட்டுவனார் கைத்தாளத்தை உள்ளங்கைக்குள் அடங்கும்படி சுருக்கினாற்போன்ற பித்தளைத் தட்டுகள் அவை. கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று என இரு கைகளுக்கும் சேர்த்து நான்கு. மீள்நாடாவால் விரலோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். விளிம்போடு விளிம்பு தொட்டு விலகினால் மணியோசை நீளும். தட்டையாக மூடி அழுத்தினால் ஓசை அறுபடும். இடுப்பு ஒரு கணக்கிலும் கால் வேறொரு கணக்கிலும் செல்ல, தர்புக்கா என்னும் கைமுரசின் 'தும்', 'தக்' சொற்களுக்கு இடையே விரல்கள் மூன்றாவது கணக்கைப் பின்னுவது எளிதன்று. ஆகவே சகாத் வாசித்தபடி ஆடுபவரை ஆட்டக்காரர் என்பதோடு வாத்தியக்காரர் என்றும் மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணிகள் தைத்த கச்சும் இடுப்புப் பட்டையுமாக நாம் அறிந்த உடை, தொன்மையானதன்று. 1926-இல் நடனக் கலைஞர் பதியா மசாப்னி கெய்ரோவில் திறந்த அரங்கும் அதை ஒத்த இரவு அரங்குகளும், பின்னர்த் திரைப்படமும் பரப்பிய மேடையுடை அது. தஹியா கரியோக்கா, சாமியா கமால் ஆகிய ஆட்டக்காரர்கள் பதியாவின் அரங்கிலிருந்தே புகழுக்கு வந்தார்கள். பட்டையிலிருந்து தொங்கும் மணிச்சரங்களைக் கவனித்துப் பாருங்கள்: இடுப்பு சட்டென நின்ற பிறகும் சரங்கள் ஒரு கணம் வீசி அடங்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சிறு அசைவு தெரிவது அதனால்தான். பட்டை தளர்ந்தால் இடுப்பு உள்ளே ஆட, பட்டை பின்தங்கிவிடும். அதனால் கொக்கி இருந்தாலும் பலர் மேலே ஊக்குகளும் குத்திக்கொள்கிறார்கள்.

திருமண ஊர்வலங்களில் எரியும் மெழுகுவர்த்திகளோடு தலையில் தாங்கும் ஷமதான் என்னும் கிளைவிளக்குக்கு வேண்டுவது அசையாத கழுத்து. கீழே எவ்வளவு ஆடினாலும் சுடர் சாயக் கூடாது. தரையில் அமர்ந்து எழும்போதும் இதே விதிதான்.

கைத்தடி ஆட்டத்தின் பின்னணி வேறு. தென்னெகிப்திய ஆண்களின் தஹ்தீப் என்னும் கம்பாட்டம் 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அவர்கள் நீண்ட கம்பை எதிராளியின் தலையைக் குறிவைத்து ஓங்குவார்கள். பெண்களோ வளைபிடி கொண்ட மெல்லிய தடியை விரல்களில் சுழற்றி, தோளில் சாய்த்து, அந்த வீரத்தைச் சிரித்த முகத்தோடு சீண்டிப் பார்க்கிறார்கள்.