காசு வாங்காமல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவது எப்படி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு என்று நம் பக்கத்தில் எந்த ஊரிலும் விடியக்காலம் ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் முழு மாரத்தான் முடித்தவர்களுக்கு அடுத்த ஆசை 50 கிலோமீட்டர். அதற்காகக் கட்டணம் கட்டி, லீவு போட்டு, வெளியூர் போக வேண்டியதில்லை. 20 பேருக்கு, நம் ஊர்த் தடத்திலேயே, ஒரு ரூபாய் வாங்காமல் நடத்தலாம்.

42.195 கிலோமீட்டரைத் தாண்டினால் அது அல்ட்ரா மாரத்தான். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் இன்றைக்குப் பிரமாண்டமாக நடக்கிறது. 1921இல் அது தொடங்கியபோது ஓடியது 34 பேர், முடித்தது 16 பேர். 1970களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஜோ ஓக்ஸ் என்பவர் ஒரு முறையைத் தொடங்கி வைத்தார்: கட்டணம் கிடையாது, பரிசு கிடையாது, வழியில் உதவியும் கிடையாது. முதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். மூன்றாவது நம் வெயிலுக்கு ஆகாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் மோரும் சோறும் கொடுக்கிற ஊர்க்காரர்கள் நாம். ஓடுகிறவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியாது.

ஏன் 20 பேர்? தூரத்தில் ஆள் வரும்போதே நடையைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற எண்ணிக்கை அது. 60 பேர் ஆகிவிட்டால் நெஞ்சில் எண் ஒட்ட வேண்டும், மேசை போட வேண்டும், அதற்கெல்லாம் பணம் வேண்டும். பணம் வாங்கியதும் பதக்கம் எங்கே, பனியன் எங்கே என்ற கேள்வி வரும். இருபத்தோராவது ஆள் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அடுத்த முறை வாங்க என்று சொல்லிவிடுங்கள்.

தடத்துக்கு வருவோம். ஒரே நீளமாக 50 கிலோமீட்டர் வைக்காதீர்கள். 5 கிலோமீட்டர் வட்டம், பத்துச் சுற்று. தண்ணீர்ப் பந்தல் ஒன்று போதும். ஓடுகிறவர் முக்கால் மணிக்கு ஒருமுறை உங்கள் கண் முன்னால் வருவார். முடியாதவர் பந்தலிலேயே உட்கார்ந்துவிடலாம், காட்டுக்குள் போய்த் தூக்கி வர வேண்டாம்.

நம் இட்டேரிகளைப் போல இதற்குத் தோதான தடம் இல்லை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் செம்மண், எப்போதாவது ஒரு டிராக்டர். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஓரமாக இப்படித் தடங்கள் இருக்கின்றன. ஒரு சங்கடம், வெள்வேல முள். ஓடும் ஷூவின் மெத்தை அடிப்பாகத்தில் அது சுலபமாக ஏறிவிடும். முதல் நாள் சாயங்காலம் இரண்டு பேர் விளக்குமாறோடு நடந்து, மரத்தடிகளை மட்டும் கூட்டிவிட்டால் போதும். மழைக்குப் பின் ஓரமெல்லாம் நெருஞ்சி படர்ந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் மேடும் நல்ல தடம்தான். கீழ்பவானி, காலிங்கராயன் வாய்க்கால் கரைகளில் ஏற்ற இறக்கமே தெரியாது. ஆனால் மார்கழியில் பெரும்பாலும் தண்ணீர் ஓடும். இருட்டில் கால் இடறினால் நேராக வாய்க்காலுக்குள்தான். தண்ணீர்ப் பக்கம் 20 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டுங்கள். கரை அரசுடையது என்பதால் நீர்வளத்துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். காவல் நிலையத்துக்கும் பஞ்சாயத்துக்கும் ஒரு கடிதம். மலையடிவாரம் வேண்டவே வேண்டாம். தடாகம், சிறுவாணிப் பக்கம் விடியும் நேரத்தில் யானை நடமாட்டம் உண்டு. சத்தியமங்கலமும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள்.

நாய் விஷயத்துக்குக் கடிதம் உதவாது. ஒவ்வொரு தோட்டத்துச் சாளைக்கும் நேரில் போய், "ஏனுங்க, ஞாயித்துக்கெழம விடியக்காலம் 20 பேரு இந்தத் தடத்துல ஓடுவோமுங்க. நாயைச் சித்தெ கட்டி வெச்சுக்கறீங்களா?" என்று கேட்க வேண்டும். அப்படிப் போய்க் கேட்டால் நாயையும் கட்டுவார்கள், இளநீர் வேணுங்களா என்றும் கேட்பார்கள்.

தூரத்தைக் கையிலிருக்கும் ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். தென்னந்தோப்புக்கு நடுவிலும் வளைவுகளிலும் அது தடுமாறும். ஒரு சுற்றில் 30 மீட்டர் குறைந்தால் பத்துச் சுற்றில் 300 மீட்டர் போச்சு. சைக்கிளில் அளங்கள். டயரில் காற்றை முழுக்க அடித்து, ஆள் சீட்டில் உட்கார்ந்தபடி, வால்வு தரைக்கு நேராக வரும் இடத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். நேராக உருட்டி, வால்வு பத்தாவது முறை கீழே வரும்போது இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் பிடித்துப் பத்தால் வகுத்தால் சக்கரத்தின் சுற்றளவு. பத்துச் சுற்றுக்கு 21 மீட்டர் வந்தால், சைக்கிளில் மாட்டிய தூரம் காட்டும் மீட்டரில் 2100 மில்லிமீட்டர் என்று போட வேண்டும். ஆள் ஏன் உட்கார வேண்டும் என்றால், எடை ஏறியதும் டயர் அமுங்கி அளவு மாறும். எடை இல்லாமல் எடுத்த அளவு தடத்தில் பொய்யாகிவிடும்.

திருப்பங்களில் கோலமாவில் அம்பு போடுங்கள். அரிசி மாவு போட்டால் எறும்பு தின்றுவிடும், கல்மாவுதான் நிற்கும். துணிப்பட்டை கட்டுவதானால் ஆளுயரத்துக்கு மேலே. கீழே கட்டினால் வெள்ளாடு விடாது.

மாதம், மார்கழி அல்லது தை முதல் பாதி. ஆடிக்காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கே பார்த்து ஓடுகிறவரை நிறுத்தியே வைத்துவிடும். ஐப்பசியில் கரிசல் தடம் ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். காலை 4 மணிக்குத் தொடங்கி, பகல் 12 மணிக்கு முடியுங்கள். எட்டு மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 விநாடி. நடந்தும் ஓடியும் வருகிறவருக்குக்கூட அது கட்டுப்படியாகும். 11:10க்குப் பிறகு யாரையும் பத்தாவது சுற்றுக்கு விடாதீர்கள். ஒன்பது சுற்றோடு நின்றவருக்கும் 45 கிலோமீட்டர் ஆகிவிட்டது, அவரும் அல்ட்ரா ஓடியவர்தான். விடிய ஆறரை ஆகும் என்பதால் தலைவிளக்கு இல்லாதவரை ஓட விடக் கூடாது. கட்டுவிரியன் இரவில்தான் தடத்துக்கு வரும்.

இனித் தண்ணீர். ஒருவருக்கு மணிக்கு 600 மில்லி என்று வைத்தால், 20 பேருக்கு எட்டு மணி நேரத்தில் 96 லிட்டர். தலையில் ஊற்றவும் வேண்டுமே, அதனால் 20 லிட்டர் கேன் எட்டு. டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். பொட்டலம் தீர்ந்தால், ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இளநீர் நல்லதுதான். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் குடிப்பவர் கையில் உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கு ஒன்றையும் கொடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். வாழைப்பழம், கடலை மிட்டாய், இட்லி எல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்தால் பந்தல் நிறைந்துவிடும். நீர்மோரை ஐஸில் வையுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம், அப்புறம் பேச்சில் குழப்பம். பார்க்கிறவர் தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிக் கொடுப்பார், ஆபத்து அங்கேதான். பந்தலில் ஒரு எடை மெஷின் வையுங்கள். தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். குழப்பம் இருந்தால் 108க்கு அடித்து, சோடியம் பார்க்கச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று வெப்பத்தாக்கு. உடம்பு கொதிக்கும், ஆள் தள்ளாடுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். வண்டி வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். களத்தில் மஞ்சள் காயப்போடும் தார்ப்பாய் ஒன்று போதும். அதில் படுக்க வைத்து, நாலு பேர் நாலு பக்க விளிம்பையும் தூக்கிப் பிடித்தால் தொட்டி மாதிரி ஆகிவிடும். ஐந்தாவது ஆள் ஐஸ் தண்ணீரை ஊற்றி, கழுத்திலிருந்து கால்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். தலை மேலே இருக்கட்டும். இதற்காகவே 20 கிலோ ஐஸ் தெர்மாகோல் பெட்டியில் இருக்க வேண்டும், மோருக்கு வைத்த ஐஸ் தனி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு யாரும் ஓடக் கூடாது. நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆளுக்கு ஒரு வரி. பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர், சாப்பிடும் மாத்திரை, பிறகு பத்துக் கட்டம். கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள், மணியை எழுதுங்கள். 40, 41, 42 நிமிடம் என்று வந்தவர் திடீரென்று 55 ஆக்கினால், அவர் வாயைத் திறக்கும் முன்பே நோட்டு சொல்லிவிடும். போன சுற்றைவிடக் கால் மணி கூடியும் ஆளைக் காணோம் என்றால் எதிர்த்திசையில் சைக்கிளை விடுங்கள். நிறுத்துகிறவர் நோட்டில் கையெழுத்துப் போடாமல் கிளம்பக் கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே இரண்டு முறை சொல்லுங்கள். நண்பரின் பைக்கில் ஏறி ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருப்பார், இங்கே ஆறு பேர் வாய்க்காலில் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த ஓட்டங்களில் அடிக்கடி நடப்பது இது.

மதியம் பட்டைகளை அவிழ்த்து, குச்சிகளைப் பிடுங்கி, தோட்டத்துக்காரர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். நோட்டை மட்டும் மூடிவிடாதீர்கள். அன்று ராத்திரி ஒரு முறை, மறுநாள் சாயங்காலம் ஒரு முறை, 20 பேருக்கும் போன் போட்டுச் சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கேளுங்கள். காப்பி நிறம் என்று சொன்னால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம், அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்பச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் அந்தப் பெயருக்கு நேராக நேரத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த நம்பருக்குப் போங்கள்.