ஒரு கை, பல பெயர்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டார நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புனைபெயர் நம் பகுதிக்குப் புதிதன்று. புதுச்சேரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய கனக சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். ஆனால் மர்மக்கதை எழுதுகிறவருக்குப் புனைபெயர் வேறொரு பொறுப்பைச் சுமத்துகிறது. இன்ன சுவை இங்கே கிடைக்கும் என்று வாசகருக்கு அவர் எழுதித் தரும் உறுதிமொழி அது என்றே நான் கருதுகிறேன்.

குமுதம் ஆசிரியர் குழுவில் நெடுங்காலம் இருந்த ரா.கி.ரங்கராஜன், திகில் கதைகளுக்குக் கிருஷ்ணகுமார், வேடிக்கை நாடகங்களுக்கு ஹம்சா, நையாண்டிக் கவிதைகளுக்கு அவிட்டம் எனச் சுவைக்கொரு பெயர் வைத்துக்கொண்டார். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. நடையும் சொற்களும் கதை நகரும் வேகமும் உடன் மாறவேண்டும். அந்த உழைப்பைத் தமிழ்த் திறனாய்வு இன்னும் உரிய அளவில் மதிக்கவில்லை.

அந்த ரங்கராஜனோடு பெயர்க் குழப்பம் நேராதிருக்கவே, மற்றொரு ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை ஏற்றுச் சுஜாதா ஆனார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் பங்காற்றிய அவர், அந்த அலுவலக வாழ்வுக்கிடையேதான் கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர்களைக் கொண்டு கொலை வழக்குகளின் முடிச்சுகளை அவிழ்த்தார். வாரத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த இதழுக்கு ஏங்கவைக்கும் இடத்தில் நிற்கவேண்டும். முன்பே அச்சாகிவிட்ட தடயத்தைத் திருத்தவும் வழியில்லை. வேலைக்குச் சென்றுகொண்டே இதைச் செய்வதற்கு எத்தகைய ஒழுங்கு வேண்டும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

என்னை மிகவும் வியக்கவைப்பவர் ஸ்ரீவேணுகோபாலன். திருவரங்கத்து நம்பெருமாள் படையெடுப்புக் காலத்தில் ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றைத் ‘திருவரங்கன் உலா’ என்று பக்தியோடு எழுதிய அதே கை, புஷ்பா தங்கதுரை என்ற பெயரில் பரபரப்பான குற்றக்கதைகளையும் எழுதியது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று அறியும் வாசகர் முதலில் திகைப்பார். அந்தத் திகைப்பில் பலர் பின்னதைத் தாழ்த்திப் பேசிவிடுகிறார்கள், அது நியாயமன்று. அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்போடு வாசகரைப் பக்கம் பக்கமாக அழைத்துச்செல்லும் திறமை இரண்டுக்கும் பொதுவானது.

ஆகவே, ரோமன் ரோலந்து நூலகம் முதலாக நம் பகுதி நூலகங்கள் அனைத்துக்கும் ஒரு வேண்டுகோள். நூற்பட்டியலில் புனைபெயருக்கு அருகில் இயற்பெயரையும் அதே ஆசிரியரின் மற்றப் பெயர்களையும் சேர்த்துப் பதியுங்கள். குற்றக்கதையைத் தேடி வரும் இளைஞர் அதே ஆசிரியரின் வரலாற்று நாவலையும் கையில் எடுத்துச் செல்லட்டும்.