தள்ளியும் திரும்பி வந்த ஞானப்பாட்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டென்மார்க்கின் லுத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழி வந்த கிறிஸ்தவ சபை) பேராயர் தாமஸ் கிங்கோவின் ஞானப்பாட்டுகளை, அதாவது கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்களை, நிலைக்க வைத்தது அவர் பதவியா, பாட்டின் வலுவா? இதுதானே தலைப்பு? பாட்டின் வலுவே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் சொன்னார்: "பேராயர், பிரபுப் பட்டம் பெற்றவர், அரசர் ஆணை வேறு. இத்தனையும் இருந்தால் யார் பாட்டும் பரவும்." ஐயா, ஆண்டைப் பாருங்கள். கிங்கோ பேராயரானது 1677இல். முதல் பாட்டுத் தொகுதி வந்தது 1674இல். அப்போது அவர் பிறந்த ஊரான ஸ்லாங்கரூப்பில் குருவானவர், நெசவாளி மகன். அந்தத் தொகுதியின் கட்டமைப்பே அழகு. வாரத்தின் ஏழு நாளுக்கும் காலைக்கு ஒரு பாட்டு, மாலைக்கு ஒரு பாட்டு; கூடவே பைபிளில் உள்ள தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்கள் ஏழும் செய்யுளாக. மெட்டு பல இடங்களில் ஊரார் வாயில் ஏற்கெனவே புழங்கியது. காதல் பாட்டு மெட்டையும் அவர் ஒதுக்கவில்லை. மெட்டு தெரிந்தவருக்கு வரி மட்டும் மனப்பாடமானால் போதும், அடுப்படியிலும் பாடலாம்.

இனி பதவிக்கு வருகிறேன். 1683இல் அரசர் ஐந்தாம் கிறிஸ்டியன், புதிய பாட்டுப் புத்தகம் தொகுக்கும் வேலையைக் கிங்கோவிடம் கொடுத்தார். 1689இல் முதல் பாதி அச்சேறியது: அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்கள்) முதல் ஈஸ்டர் வரைக்கான 'குளிர்காலப் பகுதி'. மொத்தம் 267 பாட்டு; அதில் 136 அவருடையது. சறுக்கியது இங்கேதான். சபையார் தலைமுறை தலைமுறையாகப் பாடிய பழைய பாட்டுகள் பல இடமிழந்தன. எதிர்ப்பு கிளம்பியது, அரசர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார், அச்சுக்குப் போட்ட பணம் முடங்கியது. பேராயர் நாற்காலியில் அவர் இருக்கும்போதே நடந்தது இது!

வேலை யோனசன் என்ற ரோஸ்கில நகரத்துக் குருவானவரிடம் போனது. 1693இல் அவர் தந்த தொகுப்பில் கிங்கோவின் பாட்டு ஒன்றுகூட இல்லை. அதையும் ஏற்கவில்லை. பிறகு ஒரு குழு உட்கார்ந்து பார்த்து, 1699இல் புத்தகம் வெளிவந்தபோது அதில் கிங்கோவின் பாட்டுகள் ஏறத்தாழ 85! பாதிக்கு மேல் வைத்தபோது திகட்டியவர்களுக்கு, அடியோடு எடுத்தபோது பொறுக்கவில்லை.

அந்தப் புத்தகம் டென்மார்க், நார்வே முழுக்கப் போனது அரச ஆணையால்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆணை மாறியபோது என்ன ஆனது? கிங்கோ இறந்தது 1703இல், லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு நம் தரங்கம்பாடியில் வந்திறங்குவதற்கு மூன்று ஆண்டு முன்பு. 1798இல் வேறொரு புத்தகம் அதிகாரபூர்வமாக வந்தது. டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் வேய்லே பக்கத்து விவசாயிகள், "எங்களுக்குக் கிங்கோ போதும்" என்று நின்றார்கள். இறந்து 95 ஆண்டான பேராயரின் எந்தப் பதவி அவர்களை மிரட்டியது?

வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க் ஆளுகைக்கு உட்பட்ட ஃபரோ தீவுகளுக்கு வாருங்கள். அந்நாளில் ஒரே குருவானவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வராத ஞாயிறுகளில் ஊராரில் ஒருவர் பிரசங்கத்தைப் படிப்பார், சபை பாடும். ஆர்கன் இல்லை. ஒவ்வொரு அசையையும் நீட்டி, வளைத்து, மெதுவாக, செவிவழியாகவே பாடினார்கள். அந்தப் பாடும் முறைக்கே அங்கே 'கிங்கோ பாட்டு' என்று பெயர்.