தொண்டை கமறுகிறது, ஆலிவ் எண்ணெய் போலியா?

வணக்கம். நேயர் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் படித்துவிடுகிறேன். "இத்தனை நாள் வாங்கிய ஆலிவ் எண்ணெய் வாடையே இல்லாமல், வழவழவென்று இருந்தது. இம்முறை விலை கூடுதலான எக்ஸ்ட்ரா வர்ஜின் வாங்கினேன். ஒரு கரண்டி குடித்ததும் கசந்தது. தொண்டை கமறி இருமல் வந்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்தும் உறையவில்லை. இது கலப்படம்தானா?"

நீங்கள் சந்தேகப்படும் புட்டியைவிட, இத்தனை நாள் சந்தேகப்படாமல் வாங்கிய புட்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன். எக்ஸ்ட்ரா வர்ஜின் என்பது சுத்திகரிக்காமல், காயைப் பிழிந்து மட்டும் எடுத்த முதல் தர ஆலிவ் எண்ணெய். கசப்பும் கமறலும் அதன் குறைகள் அல்ல. சுவை பார்ப்பவர்கள் அவற்றை அதன் நற்குணங்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கமறலுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள மோனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கேரி போஷாம்ப் என்ற விஞ்ஞானி, இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தைத் திரவமாக விழுங்கும்போது தொண்டையில் மட்டும் ஏற்படும் எரிச்சலை நன்கு அறிந்தவர். 1999இல் ஒரு கூட்டத்துக்காக இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் சென்ற அவர், அங்கே புதிதாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தபோது அதே எரிச்சலை அதே இடத்தில் உணர்ந்தார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் செயற்கையாகவும் தயாரித்து, சாதுவான சோள எண்ணெயில் கலந்து பார்த்தார்கள். அதுவும் தொண்டையைக் கமறச் செய்தது. 2005இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டு, அந்தப் பொருளுக்கு ஓலியோகாந்தால் என்று பெயர் வைத்தார்கள். அதில் வரும் 'காந்த்' கிரேக்க வேரிலிருந்து எடுத்ததுதான். ஆனாலும் வயிறு காந்துகிறது, கண் காந்துகிறது என்று சொல்லிப் பழகிய நம் காதுக்கு அது எவ்வளவு பொருத்தமாக விழுகிறது பாருங்கள்.

இப்போது என் கையில் உள்ள இரண்டு சிறு கிண்ணங்களைக் கவனியுங்கள். ஒரு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஒரு கையால் மேலே மூடி, மறு கையின் சூட்டில் சற்று நேரம் வைத்திருக்கிறேன். தொழில்முறைச் சுவைஞர்கள் எண்ணெயை ஏறத்தாழ 28 டிகிரிக்குச் சூடாக்கி, நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி முகர்கிறார்கள். பச்சையாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கை அவர்களையும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மூடிய கையை எடுத்து முகர்ந்தால் நல்ல எண்ணெயில் அப்போதுதான் வெட்டிய புல், தக்காளிச் செடியின் இலை, பச்சை ஆப்பிள் போன்ற மணம் வரும். பிறகு ஒரு வாய் எடுத்து, சூடான தேநீரை உறிஞ்சுவது போலக் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, மெதுவாக விழுங்க வேண்டும். கசப்பு நாக்கில் உடனே தெரியும். கமறல் சில நொடிகள் கழித்துத் தொண்டையில்தான் வரும். மன்னிக்கவும், எனக்கும் இருமல் வந்துவிட்டது.

இரண்டாவது கிண்ணத்தில் இருப்பது, திறந்து ஓராண்டாக அடுப்பருகே நின்ற பழைய எண்ணெய். இதை முகர்ந்தால் நாள்பட்ட கடலை எண்ணெயில் வரும் அதே சிக்கு வாடை. இதைத் தவிர, பறித்த காய்களைக் குவியலாகப் போட்டு வைத்ததால் வரும் புளித்த வாடை, பூஞ்சண வாடை, காடி வாடை ஆகியவையும் குறைகளே. மாட்ரிட் நகரில் உள்ள சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் விதிப்படி, 8 முதல் 12 பேர் கொண்ட பயிற்சி பெற்ற குழு சுவைத்துப் பார்க்கும்போது, குறைகளுக்கான நடுமதிப்பெண் பூஜ்யமாக இருந்தால்தான் அது எக்ஸ்ட்ரா வர்ஜின். அதோடு தனிக் கொழுப்பு அமிலம், அதாவது கொழுப்பு சிதைந்து தனியே பிரிந்த அமிலம், 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த அமிலத்தை நாக்கால் அறிய முடியாது. அடிபட்ட காயா, நல்ல காயா என்பதை ஆய்வகம் அதை வைத்து ஊகிக்கிறது.

நீங்கள் முன்பு வாங்கிய வாடையில்லாத எண்ணெய் எதுவாக இருக்கும்? புட்டியில் 'லைட்' அல்லது 'ப்யூர்' என்று இருந்தால், அது பெரும்பாலும் சுத்திகரித்த ஆலிவ் எண்ணெயில் கொஞ்சம் வர்ஜின் கலந்தது. 'பொமேஸ்' என்று இருந்தால், நம் ஊர் வழக்கில் சொல்வதென்றால் பிண்ணாக்கு எண்ணெய்: பிழிந்த பிறகு எஞ்சிய சக்கையிலிருந்து ஹெக்சேன் போன்ற கரைப்பானால் எடுத்துச் சுத்திகரித்தது. இவை பெயரை மறைக்காமல் விற்கப்படும்வரை கலப்படமல்ல. எக்ஸ்ட்ரா வர்ஜினும் அல்ல.

உண்மையான கலப்படம் வேறு. 2019இல் இத்தாலியக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பிடித்த கும்பல் ஒன்று, சூரியகாந்தி எண்ணெயில் பச்சையமும் பீட்டா கரோட்டினும் கலந்து எக்ஸ்ட்ரா வர்ஜின் என்று விற்றது. அப்போது பிடிபட்டது சுமார் 1,50,000 லிட்டர். ஸ்பெயினில் 1981இல் நடந்ததோ பேரழிவு. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று அனிலின் என்ற நச்சு ரசாயனம் கலந்து இறக்குமதி செய்த, கடுகு இனத்து விதையிலிருந்து எடுக்கும் ரேப்சீட் எண்ணெயைச் சிலர் மீண்டும் சுத்திகரித்து, பெயர்ச்சீட்டு இல்லாத கேன்களில் ஆலிவ் எண்ணெய் என்று தெருத்தெருவாக விற்றார்கள். 20,000 பேர் அளவில் நோயுற்றார்கள். 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று சந்தையில் அதிகம் காணப்படும் மோசடி இவ்வளவு கொடியதல்ல. தரம் தாழ்ந்த ஆலிவ் எண்ணெயை எக்ஸ்ட்ரா வர்ஜின் என்ற பெயரில் விற்பதே அதிகம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2010இல் நடந்த ஆய்வில், இறக்குமதி மாதிரிகளில் 69 சதவீதம் சுவைச் சோதனையில் தேறவில்லை. உள்ளூர் உற்பத்தியாளர்களின் பணமும் அந்த ஆய்வில் இருந்தது, மாதிரிகளும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃபிரிட்ஜ் சோதனையை விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உறைவதே தூய்மையின் அடையாளம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஆலிவ் எண்ணெய் உறைவது அதன் கொழுப்பு அமிலங்களின் விகிதத்தையும் மெழுகின் அளவையும் பொறுத்தது. அது காயின் இனத்துக்கு இனம் மாறும். தூய எண்ணெயும் உறையாமல் இருக்கலாம், கலப்படமும் பாதி உறையலாம்.

நாக்கின் எல்லையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் அர்பெகினா இனக் காயின் எண்ணெய் இயல்பிலேயே சாதுவானது, அதனால் கமறல் இல்லாததெல்லாம் போலி என்று முடிவு கட்டக் கூடாது. இத்தாலியின் கொராத்தினா அவ்வளவு கடுமையானது, அதனுடன் சிறிது மலிவான எண்ணெயைச் சேர்த்தால் வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். சிக்கு வாடையை மட்டும் உங்கள் மூக்கு நிச்சயம் பிடித்துவிடும்.

உங்கள் புட்டியில் அறுவடைத் தேதி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'இதற்கு முன் பயன்படுத்தவும்' என்ற தேதி பெரும்பாலும் புட்டியில் அடைத்த நாளிலிருந்து எண்ணப்படுவது. காய் பறித்தது அதற்கு வெகுமுன்பாகவும் இருக்கலாம். ஆலிவ் எண்ணெய் வைனைப் போல வைக்க வைக்க மெருகேறாது. திறந்துவிட்டதால் அடுப்புச் சூடும் வெயிலும் படாத அலமாரியில் வைத்து, இரண்டு மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். வெறுமனே குடிக்க முடியவில்லை என்றால் வேகவைத்த கொண்டைக்கடலை மீது சூடாக இருக்கும்போதே ஊற்றிப் பாருங்கள். மணம் எழும்பும், கசப்பு கடலையின் மாவுச்சுவைக்குள் அடங்கிவிடும்.