கண் மூடிக் கிடக்கும் ஆமைக்குக் கடல் தண்ணீர் விடலாமா?

வணக்கம். மண்டபத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். "பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த சிவப்புக் காது ஆமை பத்து நாளாகக் கண் திறக்கவில்லை, இரையும் எடுக்கவில்லை. கண்ணாடித் தொட்டியில்தான் இருக்கிறது, தினமும் கூனி இறால் போடுகிறோம். கடல் தண்ணீர் கொஞ்சம் ஊற்றினால் சரியாகுமா? 'ஆமை புகுந்த வீடு உருப்படாது, கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடு' என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?"

சகோதரி, முதலில் கடல் தண்ணீர் வேண்டாம். நம் கரையில் ஆமை என்றாலே பேராமை, சித்தாமை என்ற கடலாமைகள்தான் ஞாபகத்துக்கு வரும். முட்டையிட மணலில் ஏறும் கடலாமையின் கண்ணிலிருந்து நீர் வடிவதைப் பார்த்து, அது அழுகிறது என்பார்கள். அது அழுகை இல்லை. உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரத்துச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. உங்கள் வீட்டு ஆமைக்கு அந்தச் சுரப்பி கிடையாது. அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து நன்னீர் ஆமை. காலைப் பாருங்கள், துடுப்பு இருக்காது. விரல் இருக்கும், நகம் இருக்கும், இடையில் சவ்வு இருக்கும்.

சரி, கண் ஏன் மூடியது? நீங்கள் சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. தினமும் கூனி மட்டும் தின்றால் வைட்டமின் ஏ போதாது. இமை வீங்கும், கண் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் அழுக்கானாலும் இப்படி ஆகும். ஆமை இரையைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். பார்வை மறைந்ததும் பட்டினி கிடக்கிறது. "பிடிவாதம் பண்ணுகிறது" என்று நினைத்துவிடாதீர்கள். ஆமை தன் நோயைக் கடைசி வரை காட்டாது. பத்து நாள் ஆகிவிட்டது என்றால் நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் கண்ணுக்கு வாங்கிய சொட்டு மருந்தை விட வேண்டாம். வைட்டமின் ஊசியும் அளவு மீறினால் தோல் உரிந்துபோகும், அதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அதுவரை தண்ணீரை ஓட்டின் உயரத்துக்கு மட்டும் வையுங்கள். சோர்ந்த ஆமை ஆழத்தில் மூழ்கிச் செத்துப்போகும், அதற்கு மூச்சு நுரையீரலில்தான்.

அடுத்து, வெயில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெயில் போதாமல்தான் நான் ஓர் ஆமையை இழந்தேன். ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி, காலை முழுக்க வெளிச்சம். போதும் என்று நம்பியிருந்தேன். ஒருநாள் கையில் எடுத்தபோது ஓட்டின் விளிம்பு ஊறிய அப்பளம் போல விரலுக்கு வளைந்தது. வெயிலில் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகும், அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும். நம் ராமநாதபுரத்தில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. உடம்பு தேறியதும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதி டப்புக்கு நிழல் வைத்து, காலை வெயிலில் அரை மணி நேரம் விடுங்கள். நிழல் கட்டாயம், நம் வெயிலில் சிறு தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். நன்றாக இருக்கும் ஆமை கல்லில் ஏறிப் பின்னங்காலை நீட்டி, விரலை விரித்துக் காய்வதைப் பார்க்க அவ்வளவு அழகு!

இரைக்கு ஆமைத் தீனி, இடையிடையே மண்புழு, துருவிய கேரட், பரங்கிக்காய். வளர வளரக் கீரை வகை அதிகம் தின்னும். எதுவானாலும் தண்ணீரில் போடுங்கள், தரையில் வைத்தால் விழுங்க முடியாது. கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி உப்பைப் போக்கி, காயவைத்துத் தொட்டியில் மிதக்க விடுங்கள். கறுக் கறுக்கென்று கடிக்கும். அதுவும் சுண்ணாம்புச் சத்துதான். கருவாடு வேண்டவே வேண்டாம். பழைய தொட்டித் தண்ணீரை வீணாக்காமல் முருங்கைக்கு ஊற்றிவிடுங்கள்.

பிள்ளை ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது. சால்மோனெல்லா கிருமி ஆமையிடம் சாதாரணமாக இருக்கும். அதற்காகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை 1975-இல் தடை செய்தார்கள். நம்மிடம் கடைக்காரர் கையில் வைத்து நீட்டுவதோ ரூபாய் நாணயம் அளவுக் குஞ்சு! அது தட்டு அளவுக்கு வளரும், 20, 30 வருஷம் இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். பெரியவர்களிடம் பழமொழிக்கு எதிர்வாதம் செய்ய வேண்டாம். ஆனால் கடலில் விட்டால் அது உப்பில் வாடிச் சாகும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். கண்மாயிலும் ஊருணியிலும் கூட விடக் கூடாது. அங்கே நம் நாட்டு நன்னீர் ஆமையான பாலாமை இருக்கிறது. வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் இது போட்டிக்கு நிற்கும், நோயையும் கொடுக்கும். உலகில் மிக மோசமாகப் பரவும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. அதேபோல, இதற்குத் துணை என்று கண்மாயிலிருந்து பாலாமையைப் பிடித்து வந்துவிடாதீர்கள், 1972 வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். வைத்துக்கொள்ளவே முடியாது என்றால், இடமும் பொறுமையும் உள்ள ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.

அதெல்லாம் அப்புறம். நாளைக்கு மருத்துவரைப் பாருங்கள், கண் திறந்ததா என்று எனக்குச் சொல்லுங்கள்.